சொட்டு நீலமும் கழுவின கரியும்

ஞாயிறு, கூடுவாஞ்சேரி

ஆறு மாதமாகத் தண்ணீர் நாறுகிறது என்கிறேன். "ஃபில்டர் கரியை மாசாமாசம் கழுவுறோம். உங்க மூக்குலதான் கோளாறு மேடம்" என்பார் எங்கள் ஃபிளாட் செக்ரட்டரி. கழுவினால் போகிற அழுக்கா அது? கரியின் நுண்துளைகளில் நாற்றம் ஒட்டி ஒட்டி, இனி ஒட்ட இடமே இல்லை.

இன்று மீட்டிங்கில் இரண்டு பாட்டில் தண்ணீரில் சொட்டு நீலம் விட்டேன். ஒன்றில் கழுவின கரி, இன்னொன்றில் புதுக் கரி போட்டுக் குலுக்கி வைத்தேன். எல்லாரும் டீ குடித்து முடிப்பதற்குள் புதுக் கரி நீலத்தைத் தன்மேல் ஒட்டிக்கொண்டு தண்ணீரைத் தெளியவிட்டது. மற்றது நீலமாகவே நின்றது.

"நாளைக்கே கரி மாத்திடலாம் மேடம்" என்றார் செக்ரட்டரி.

"மாத்துங்க சார். என் மூக்கை மாத்துறதைவிட அது சுலபம்."

இப்போதுதான் குளித்தேன். தண்ணீர் நாறத்தான் செய்தது. பாடிக்கொண்டே குளித்தேன்.