கணு பார்க்காமல் வெட்டிய கம்பு

திருவரங்குளம்,
12-8-1941

அன்புத் தங்கை செங்கமலத்துக்கு அண்ணன் அடைக்கலம் எழுதுவது. நானும் உன் மகள் பொன்னுத்தாயும் சுகம். மலாயாவில் நீயும் மாப்பிள்ளையும் சுகந்தானே?

இந்த ஆடியில் என் சிலம்பக் கூடத்தில் சின்னப் பிள்ளைகள் பன்னிரண்டு பேரைச் சேர்த்திருக்கிறேன். பெரியவர்களின் கம்பு அவர்கள் தலைக்கு மேல் இரண்டு முழம் நிற்கிறது. அதனால் ஒவ்வொருவரையும் நிறுத்திப் புருவ மட்டத்துக்கு அளந்து வெட்டி, முனையில் துணி சுற்றிக் கொடுத்தேன். அடிவரிசையைப் பாட்டாக்கிவிட்டேன், பாடிக்கொண்டே கால் வைக்கிறார்கள். உன் மகள்தான் ஒரே பெண். முதல் நாளே என் முழங்காலில் ஒன்று வைத்தாள். கோபப்படாதே.

உன் அண்ணன்
அடைக்கலம்

ஈப்போ,
9-9-1941

அன்புள்ள அண்ணனுக்கு,

கோபப்படாதே என்று நீ எழுதினால்தான் எனக்குக் கோபம் வருகிறது. நான் சொல்லச் சொல்லத் தோட்டத்து வாத்தியார் எழுதுகிறார். அதனால் திட்ட வேண்டியதில் பாதியை விழுங்குகிறேன். மூத்தவனை இங்கே காய்ச்சலுக்குக் கொடுத்த பிறகுதானே இவளை உன்னிடம் அனுப்பினேன்? எனக்கு இருப்பது இவள் ஒருத்தி. ஆசைப்பட்டால் தனியாகச் சுற்றட்டும். எதிரே ஆளை நிறுத்தாதே. தை பிறப்பதற்குள் கப்பல் ஏறிவிடுவோம்.

தங்கை
செங்கமலம்

திருவரங்குளம்,
20-10-1941

தங்கச்சி,

மூன்று முறை எழுதிக் கிழித்தேன். பொன்னுத்தாயின் இடது கண் போய்விட்டது.

நீ வேண்டாமென்றும் எதிரே ஆளை நிறுத்தினேன். நின்றவன் நானேதான். என் அடியை அவள் சரியாகத்தான் தடுத்தாள். அவள் கம்பின் முனை பிளந்து, துணியைக் கிழித்துக்கொண்டு மூங்கில் சிராய் தெறித்தது. கணுவில் வெட்டினால்தான் முனை கெட்டியாக இருக்கும், இரண்டு கணுவுக்கு நடுவில் வெட்டினால் பிளக்கும். கூடத்தில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். பிள்ளைகளின் உயரத்துக்குக் கச்சிதமாக இருக்க வேண்டும் என்ற பெருமையில் நான் கணுவைப் பார்க்கவில்லை. புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் கிடந்தோம். பார்வை வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மன்னிப்புக் கேட்க எனக்கு வாயில்லை.

அடைக்கலம்

ஈப்போ,
19-11-1941

அண்ணனுக்கு,

அண்ணன் என்று போட வேண்டாம் என்றேன். வாத்தியார் கேட்காமல் போட்டுவிட்டார்.

அவளுக்கு வலிக்கிறதா? அழுகிறாளா? என்னைக் கேட்கிறாளா? அது ஒன்றும் நீ எழுதவில்லை. உன் மூங்கிலைப் பற்றித்தான் எழுதியிருக்கிறாய். டிசம்பர் கடைசிக் கப்பலில் வருகிறேன். என் பிள்ளையை அழைத்துப்போக வரும்போது நீ அந்த வீட்டில் இருக்கக் கூடாது.

செங்கமலம்

திருவரங்குளம்,
2-2-1942

தங்கச்சி,

மலாயாவுக்குத் தபால் எடுப்பதில்லை என்கிறார்கள். ஈப்போவை ஜப்பான்காரன் பிடித்துவிட்டானாம். போன இரண்டு கடிதமும் திரும்பி வந்துவிட்டன. நாகப்பட்டினத்தில் மூன்று நாள் நின்று, தப்பி வந்தவர்களையெல்லாம் விசாரித்தேன். உங்களைப் பார்த்தவர் யாருமில்லை. எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருக்கிறது. எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் எழுதுகிறேன்.

கூடத்தை மூடிவிட்டேன். கம்புகளெல்லாம் அடுப்புக்குப் போயின. வீட்டில் இருக்காதே என்றாய். நீ வருகிற சேதி கிடைத்தால் அந்த நிமிஷமே வெளியேறிவிடுகிறேன். நீ உயிரோடு வந்து என்னை விரட்டு, போதும்.

நீ கேட்டதற்கு அன்றே பதில் எழுதினேன். அதுவும் திரும்பி வந்ததில் ஒன்று. இப்போது வலி இல்லை. கட்டுப் பிரித்த அன்று மட்டும் அழுதாள். உன்னைத் தினமும் கேட்கிறாள். நேற்று நான் காகிதம் எடுத்ததும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஆத்தாவுக்கா எழுதுறீங்க மாமா? வாரப்போ சோத்துக்கைப் பக்கமா வரச் சொல்லுங்க. அங்கிட்டு வந்தா எனக்குத் தெரியாது."

அவள் சொன்னபடியே எழுதிவிட்டேன். வலப்பக்கமாக வா.

அடைக்கலம்