என் அண்ணை மாரடைப்பால் சாகவில்லை

என்னுடைய ரகு அண்ணைக்கு,

நீங்கள் போய் ஐந்து வருடமாகிவிட்டது. இன்னும் எனக்குக் கோபம் ஆறவில்லை. பெரியப்பாவில் கோபம், உங்களில் அதைவிடக் கோபம். ஆகவே இந்தக் கடிதத்தில் ஆறுதல் வார்த்தை ஒன்றையும் எதிர்பார்க்காதீர்கள்.

போன கிழமை வட லண்டன் எட்மண்டனில் ஒரு கலியாண வீடு. சாப்பிடும்போது எனக்குப் பின்னால் இருந்த இரண்டு பெண்கள் உங்களைப் பற்றிக் கதைத்தார்கள். "மாரடைப்பெண்டுதான் பேப்பரில போட்டவை. உண்மையில மலையில இருந்து குதிச்சவராம். விசாப் பிரச்சினையாம்."

நான் திரும்பினேன். "நான் அவரின்ர தங்கச்சி. அவர் குதிக்கேல்லை. மீன் பிடிக்கப் போய் விழுந்தவர்."

ஒருத்தி அப்பளத்தை இலையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "மீன் பிடிக்கவோ? உங்கட ஆக்களோ?"

பார்த்தீர்களா அண்ணை? குதித்தார் என்றால் நம்புகிறார்கள். எங்கள் சாதியில் ஒருவர் தூண்டில் பிடித்தார் என்றால் நம்பமாட்டார்களாம்.

அந்த விசர் உங்களுக்கு எப்படிப் பிடித்தது என்று எனக்குத் தெரியும். பெற்றோல் நிலையத்தில் உங்களோடு ஷிப்ட் செய்த அன்ரன் அண்ணைதான் ஒரு கோடைகால ஞாயிறு உங்களை டோர்செட் கரைக்குக் கூட்டிப்போனவர். குருநகரில் தலைமுறையாகக் கடலுக்குப் போன வீட்டுப் பிள்ளை அவர். கடலைக் கண்ணால் பார்த்தால் போதும் என்றுதான் போனார். தூண்டிலில் அவருக்கு ஒரு ஆசையும் இல்லை. நீங்கள்தான், செங்குத்தான பாறையில் நின்று தக்கை போட்டு மீன் பிடித்துக்கொண்டிருந்த வெள்ளைக்காரர்களைக் கண்டதும் அந்த இடத்தைவிட்டு அசையவே இல்லையாம்.

பிறகு என் பிரிட்ஜில் தயிருக்குப் பக்கத்தில் தூண்டில் இரைக்கான கணவாய்த் துண்டுகள் வந்து குந்தின. லண்டன் மிச்சம் பகுதியில் நாங்கள் இருந்த அந்தச் சின்ன வீட்டில் தூண்டில் தடியைத் தாண்டாமல் குசினிக்குப் போக ஏலாது. நான் ஏசினேன். நீங்கள் சிரித்துக்கொண்டு, பாறை ஓரத்தில் பாசிக்குள்ளே திரிகிற அந்தக் கறுப்பு மீனைப் பற்றியே கதைத்தீர்கள்.

"அது மற்ற மீன் மாதிரி வெடுக்கெண்டு இழுக்காது வதனி. மெல்லமா வந்து ருசி பார்க்கும். தக்கை ஒருக்காத் தலையாட்டும். அப்ப இழுத்தா மீன் போச்சு. தக்கை முழுசாத் தாழுமட்டும் மூச்சைப் பிடிச்சுக்கொண்டு நிக்கோணும்."

ஊரில் ஆமி முகாமிலிருந்து வெளியே வந்தபிறகு நீங்கள் இவ்வளவு நீளமாகக் கதைத்து நான் கேட்டதில்லை. தூக்கத்தில் கத்துவதும் நின்றுபோனது. அதற்காகத்தான் கணவாய் நாற்றத்தையும் பொறுத்துக்கொண்டேன். அப்படிப்பட்ட மனிசனையா குதித்தார் என்கிறார்கள்?

அன்றைக்கு நடந்ததை அன்ரன் அண்ணையிடம் முழுவதுமாகக் கேட்டேன். காற்று விழுந்திருந்தது, கடல் மட்டும் அடங்கவில்லை. தக்கை தாழ்ந்தது. பெரிய மீன். அவ்வளவு உயரத்திலிருந்து நூலால் தூக்கினால் அறுந்துவிடும் என்று வழக்கம்போலக் கயிற்றில் கட்டிய வலையை அவர் கீழே இறக்கினார். வலை ஒரு பாறை இடுக்கில் மாட்டிக்கொண்டது. உடனே நீங்கள் தடியோடு கீழ்ப்பாறைக்கு இறங்கத் தொடங்கினீர்கள்.

"போகாதை மச்சான்! நூலை வெட்டிவிடு!"

"ஒரு நிமிசம் பொறு. கிட்ட வந்திட்டுது."

முதல் அலை உங்களை விழுத்தியது. அதற்குள் அவர் வலையை இழுத்துப் பறித்துக் கயிற்றை எறிந்தார். நீங்கள் பிடித்தீர்கள். அவரும் விடவில்லை, உள்ளங்கைத் தோல் உரியும்வரை பிடித்தார். அடுத்த அலை கயிற்றை மட்டும் மிச்சம் வைத்தது. அவர் பின்னால் பாயப் போக, பக்கத்தில் மீன் பிடித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் அவரைக் கட்டிப்பிடித்து நிறுத்தினார்களாம். பின்னேரம் மீட்புப் படகு உங்களைக் கொண்டுவந்தது.

ஒரு நூல் அண்ணை! வெட்டிவிட்டிருந்தால் என்ன? ஆமி பிடித்து அடித்தபோது சாகவில்லை. களவாகக் கடல் தாண்டும்போது சாகவில்லை. இவ்வளவுக்கும் தப்பிவந்து ஒரு மீனை விட மனம் வரவில்லையா? அந்த நேரம் என்னை ஒருக்கால் நினைத்தீர்களா?

செத்த வீட்டைப் பெரியப்பா பொறுப்பெடுத்தார். மரண அறிவித்தலில் 'திடீர் மாரடைப்பால்' என்று அவர்தான் எழுதுவித்தார். நான் சத்தம் போட்டேன்.

"எங்கட குடும்பத்துப் பெடியன் தூண்டில் பிடிச்சுச் செத்தான் எண்டு போடச் சொல்லுறியோ? ஊர் என்ன சொல்லும்?"

"ஊர் குண்டு விழுந்து எரியுது பெரியப்பா. எந்த ஊரைச் சொல்லுறியள்?"

"பிள்ளைக்கு அதிர்ச்சி" என்று சொல்லி என்னை உள்ளறைக்குக் கூட்டிப்போய்த் தேத்தண்ணி தந்தார்கள். விசாரணையில் விபத்து என்றுதான் முடிவு வந்தது. அதையும் பெரியப்பா ஒருவருக்கும் சொல்லவில்லை.

அதைவிடக் கேவலம் ஒன்று செய்தார். தகனத்துக்கு அன்ரன் அண்ணை இரண்டு கையிலும் கட்டோடு வந்து நின்றார். பெரியப்பா வாசலை மறித்தார். "நீர்தானே அவனைக் கெடுத்தனீர். உம்மட ஆக்களின்ர பழக்கத்தை எங்கட பிள்ளைக்குப் பழக்கினனீர். உள்ள வரவேண்டாம்."

உங்கள் உயிரைப் பிடித்துவைக்கப் பார்த்த கை அது. அந்தக் கைக்கு உங்கள் பெட்டியைத் தொடும் உரிமை இல்லையாம். தேவாரம் பாடிக்கொண்டிருக்கும்போதே நான் எழும்பி வெளியே போய், மழைக்குள் அவருக்குப் பக்கத்தில் நின்றேன். உங்கள் பெட்டி உள்ளே போனதை நான் பார்க்கவில்லை. அதற்கும் பெரியப்பாவை நான் மன்னிக்கமாட்டேன்.

இப்போது அம்மாவின் செய்தியைச் சொல்லவேண்டும். ஊரைவிட்டு இடம்பெயர்ந்து, அலைந்து, போன மாதம்தான் கொழும்புக்கு வந்து சேர்ந்தார். இவ்வளவு காலமும் அவரோடு தனியாகப் பேச வழியில்லை. சண்டைக்குள் என் கடிதங்களும் போய்ச் சேரவில்லை. கலியாண வீட்டிலிருந்து வந்த அடுத்த நாளே போன் எடுத்தேன்.

"அம்மா, அண்ணைக்கு மாரடைப்பெண்டு நீங்கள் நம்புறீங்களோ?"

"இல்லைப் பிள்ளை. லண்டனால வந்த ஆக்கள் வேற மாதிரிச் சொல்லிச்சினம். அவன் தானாத்தான் உயிரை விட்டவனாம். நான் அவனுக்கு என்ன குறை வைச்சனான்?"

ஐந்து வருடம் அண்ணை. குண்டுக்கு ஓடும்போதும் அம்மா இதையும் சுமந்துகொண்டுதான் ஓடியிருக்கிறார். எங்கள் குடும்ப மானத்தைக் காப்பாற்றியவர்கள் அம்மாவின் தலையில் வைத்த பாரம் இது.

எல்லாவற்றையும் சொன்னேன். பாறை, மீன், கயிறு, அன்ரன் அண்ணையின் கை, எல்லாம். அம்மா கடைசியில் ஒன்று மட்டும் கேட்டார்.

"அங்க சந்தோசமா நிண்டவனோ?"

"ஓம் அம்மா. மீன் பட்டவுடன சின்னப் பிள்ளை மாதிரிச் சத்தம் போட்டுச் சிரிச்சவராம்."

அம்மா அழுதார். அழுது முடித்துவிட்டு ஏசத் தொடங்கினார். "விசரன். ஒரு மீனுக்காக உயிரை விட்ட விசரன். கைக்குள்ள கிடைச்சானெண்டால் முதுகுத் தோலை உரிச்சிருப்பன்." தன்னையே நொந்துகொண்டிருந்த மனிசி உங்களை ஏசினார் அண்ணை. அந்த ஏச்சைக் கேட்க எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா?

இந்தக் கடிதத்தை, மாரடைப்பு என்று போட்ட அதே பேப்பருக்கு அனுப்புகிறேன். பெரியப்பா படிக்கட்டும்.

அம்மாவுக்கு விசா கிடைத்ததும் இங்கே கூப்பிடுவேன். வந்த கையோடு அந்த மலைக்குக் கூட்டிப்போவேன். அன்ரன் அண்ணை காரோட்டுவதாகச் சொல்லிவிட்டார். அம்மா மேலே நின்று, கடலைப் பார்த்து, வாய் வலிக்குமட்டும் உங்களை ஏசட்டும். அவர் களைத்தபிறகு நான் தொடங்குவேன். இது சத்தியம்.

உங்களோடு கோபம் தீராத,
உங்கள் கூடப்பிறந்த தங்கச்சி
வதனி
மிச்சம், லண்டன்