வெறுங்கையால் கலக்கும் மருந்து

அன்புள்ள அப்பாவுக்கு,

வெற்றிச்செல்வி வணங்கி எழுதுவது. இருமல் நின்றதா? போனில் பூச்சிமருந்து என்றாலே வைத்துவிடுகிறீர்கள், அதனால்தான் கடிதம்.

நீங்கள் பருத்திக்கு அடிக்கும் அதே மருந்தை நேற்று எங்கள் ஆய்வகத்தில் செல்கள்மேல் ஒரு சொட்டு விட்டேன். வரிசையாக அடுக்கிய கொழுப்புதான் செல்லுக்குத் தோல். பத்தே நிமிடத்தில் அந்த வரிசை கலைந்து, உள்ளே இருந்ததெல்லாம் கசிந்துவிட்டது. என் கையுறையும் லேசாகக் கிழிந்திருந்தது. உடனே கழுவிவிட்டேன், பயப்படாதீர்கள்.

"முப்பது வருசமா வெறுங்கையாலதான் கலக்குறேன், என்னாயிட்டேன்?" என்பீர்கள். டம்ளர் பிடிக்கும்போது உங்கள் கை நடுங்கியதை வீடியோவில் பார்த்தேன். போன முறை அனுப்பிய கையுறையில் அம்மா வெண்டை விதை போட்டு வைத்திருக்கிறாள். இந்த முறை பெரம்பலூருக்குக் கூரியரில் வருவதை மாட்டிக்கொண்டு போட்டோ அனுப்புங்கள்.

பஸ் வந்துவிட்டது, முடிக்கிறேன். இந்தப் புனேவில் தமிழில் சண்டை போட எனக்கு உங்களை விட்டால் ஆளில்லை.

செல்வி