அகற்றச் சொன்ன மணலைத் திருப்பிக் கேட்டு

அனுப்புநர்:
சலவை மூட்டை ஏற்றும் பிக்கப் வண்டியின் உரிமையாளரும் ஓட்டுநரும்,
கடைசி வீடு, மேட்டுச் சாலையின் மேல்முனை.

பெறுநர்:
உதவிப் பொறியாளர் அவர்கள்,
சாலைப் பராமரிப்புப் பிரிவு,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: மேட்டுச் சாலையின் அடிவாரத் திருப்பத்தில், என் மனுவின் பேரில் அகற்றப்பட்ட மணல் குவியலை மீண்டும் கொட்டித் தரக் கோருதல் தொடர்பாக.

பார்வை: 1. ஒன்பது மாதங்களுக்கு முன் நான் அளித்த புகார் மனுவும், அதன் பின் அனுப்பிய இரண்டு நினைவூட்டல்களும்.
2. “நடவடிக்கை எடுக்கப்பட்டது, கோப்பு முடிக்கப்பட்டது” என்ற தங்கள் அலுவலகக் கடிதம்.

மதிப்பிற்குரிய ஐயா,

பார்வை ஒன்றில் கண்ட மனுவை எழுதியவள் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தங்கள் அலுவலகத்தில் பழைய தாளையும் புதிய தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் என் கையெழுத்து என்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

1. மேட்டுச் சாலை ஒன்றரை கிலோமீட்டர் தூரம் சரிவாக இறங்கி, அடிவாரத்தில் வலப்புறம் திரும்புகிறது. திரும்பாமல் நேரே போனால் குழந்தைகள் காப்பகத்தின் இரும்புக் கதவு. அந்தக் கதவுக்கு முன்னால், பழுதுபார்ப்பு வேலைக்காகக் கொட்டி, வேலை முடிந்தும் எடுக்காமல் விட்ட மணல் இடுப்பளவு உயரத்துக்குக் கிடந்தது. அது சாலையையும் கொஞ்சம் பிடித்துக்கொண்டிருந்ததால், தினமும் அந்தத் திருப்பத்தில் நான் வண்டியைப் பின்னால் எடுத்து, மறுபடி முன்னால் விட்டுத்தான் திரும்ப முடிந்தது. பின்னால் நிற்பவர்கள் ஹாரன் அடிப்பார்கள். அந்த எரிச்சலில் எழுதிய மனுவில், மணல் குவியலை “தங்கள் அலுவலகத்தின் அலட்சியத்துக்கு எழுப்பப்பட்ட நினைவுச் சின்னம்” என்று குறிப்பிட்டிருந்தேன். “இந்த மணலால் யாருக்காவது ஒரு பயனாவது உண்டா என்பதை எழுத்து மூலம் தெரிவிக்கவும்” என்றும் கேட்டிருந்தேன். பதில் வரவில்லை. மணலும் நகரவில்லை.

2. என் தொழில், சலவை நிலையத்திலிருந்து துவைத்த படுக்கை விரிப்புகளை மருத்துவமனைக்கும் தங்கும் விடுதிகளுக்கும் கொண்டு சேர்ப்பது. என் மகளுக்கு மூன்று வயது. வீட்டில் அவளை “பட்டாணி” என்று கூப்பிடுவோம். காப்பகத்தில் இடம் கேட்டு எழுதிக்கொடுத்திருந்தோம். காத்திருப்போர் பட்டியலில் எங்களுக்கு முன் பதினேழு பேர். அதனால் அவள் என்னோடு வண்டியில்தான் வருவாள். சரக்கு வண்டியில் சின்னக் குழந்தையா என்று தாங்கள் கேட்கலாம். என் நாத்தனாரும் அதையேதான் கேட்டார். அவர் குழந்தைகள் பிரிவில் செவிலியர். நல்லது சொல்வதையும் திட்டுவது போலத்தான் சொல்வார்.

3. என் வண்டிக்குப் பின் இருக்கை கிடையாது. ஓட்டுநர் பக்கத்து இருக்கைக்கு, விரிந்து குழந்தையின் மேல் மோதக்கூடிய ஏர்பேக்கும் இல்லை. குழந்தைக்கான தனி இருக்கை ஒன்றை வாங்கி, அந்தப் பக்கத்து இருக்கையில் வைத்து, மூட்டை கட்டும் கயிற்றால் கட்டியிருந்தேன். முடிச்சுப் போடுவதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. நாத்தனார் ஒரு நாள் கதவைத் திறந்து, அந்த இருக்கையை ஒரு கையால் பிடித்து ஆட்டினார். “இது சீட்டு இல்ல, ஊஞ்சல். உன் கயிறெல்லாம் துணி மூட்டைக்கு வெச்சுக்கோ. புள்ளைக்கு பெல்ட்ட போடு” என்றார். பிறகு தன் முழங்காலை அதில் ஊன்றி, முழு எடையையும் கொடுத்து அழுத்தி, வண்டியின் பெல்ட்டை அதற்குரிய வழியில் விட்டு இழுத்துப் பூட்டினார். பெல்ட் போகும் இடத்தில் பிடித்து ஆட்டினால் ஒரு அங்குலத்துக்கு மேல் அசையக்கூடாது, அந்த இருக்கையில் குழந்தையின் தோள்மேல் வரும் பட்டை, விரலால் கிள்ளி மடிக்க முடியாதபடி இறுக்கமாக இருக்க வேண்டும் என்றார். தினமும் ஏறியதும் இந்த இரண்டையும் சோதித்துப் பார்க்கச் சொன்னார். மணலை எடுத்ததற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். பின்வரும் பத்திகளில் வருகிறது.

4. சென்ற மாதம், ஒரு வியாழக்கிழமை காலை. சலவை நிலையத்தில் உலர்த்தும் இயந்திரம் பழுதாகிவிட்டது. ஈர விரிப்புகளைக் கீழே உள்ள வேறொரு நிலையத்துக்குக் கொண்டுபோய் உலர்த்த வேண்டும் என்றார்கள். நாங்கள் எப்போதும் மூட்டையை எண்ணித்தான் ஏற்றுவோம். நிறுத்துப் பார்க்கும் வழக்கம் இல்லை. என் வண்டி நாற்பது மூட்டை தாங்கும். அன்றும் நாற்பதுதான் ஏற்றினேன். ஆனால் துணி தண்ணீரைக் குடித்திருந்தது. எடை ஏறக்குறைய இரண்டு மடங்கு. வண்டியின் பின்பக்கம் தாழ்ந்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். பலகை இடுக்கில் தண்ணீர் சொட்டியதையும் பார்த்தேன். பார்த்தும் கிளம்பினேன். தவிர, சரிவின் உச்சியிலிருந்தே நான்காவது கியரில், பிரேக்கில் கால் வைத்தபடியே இறங்கினேன். இந்த இரண்டு தவறும் என்னுடையவை. சாலையின் மீதோ தங்கள் அலுவலகத்தின் மீதோ பழி போட எனக்கு வாய் இல்லை.

5. பாதி தூரம் தாண்டியதும் பிரேக் சூடேறிக் கருகும் வாசனை வந்தது. அதற்குப் பிறகு பிரேக் பெடல், மாவில் கால் வைத்தது போல அடிவரை இறங்கியது. மூன்று நான்கு முறை வேகமாக மிதித்துப் பார்த்தேன்; பிடிக்கவில்லை. இன்ஜினை அணைக்கவில்லை; அணைத்தால் ஸ்டியரிங் இறுகிவிடும். மூன்றாவது கியருக்கு மாற்றினேன், பிறகு இரண்டாவதுக்கு. வண்டி முனகியது, வேகம் சற்றுக் குறைந்தது. கைப்பிரேக்கை ஒரேயடியாக இழுக்காமல், பொத்தானை அழுத்தியபடியே கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தேன். ஒரேயடியாக இழுத்திருந்தால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி குறுக்கே திரும்பியிருக்கும். ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை. முன்னால் போனவர்கள் ஒதுங்கினார்கள். அவர்களுக்கு என் நன்றி.

6. அப்படியும் திருப்பத்தில் திரும்பக்கூடிய வேகம் வரவில்லை. திருப்பியிருந்தால் ஈர மூட்டைகளின் எடை வண்டியைக் கவிழ்த்திருக்கும். நேரே காப்பகத்தின் கதவு. அது அன்று திறந்திருந்தது. பிள்ளைகளை வரிசையாகக் கை கோத்து வெளியே அழைத்து வந்துகொண்டிருந்தார்கள். கதவுக்கும் எனக்கும் நடுவில் இருந்தது, நான் எட்டு மாதமாக எடுக்கச் சொல்லிக்கொண்டிருந்த அந்த மணல் மட்டும்தான். வண்டியின் மூக்கை அதன் நடுவில் விட்டேன்.

7. மணல் வண்டியை முன்சக்கரம் மறையும்வரை விழுங்கி நிறுத்தியது. காலடியில் நான் கட்டாமல் வைத்திருந்த ஐந்து லிட்டர் தண்ணீர் கேன் எழும்பி முன்கண்ணாடியில் மோதி, கண்ணாடி விரிசல் விட்டது. அதற்கு ஒரு முழம் தள்ளி இருந்த என் மகள் இருந்த இடத்திலேயே இருந்தாள். தோள்களில் பட்டை பதிந்த இரண்டு சிவப்புக் கோடுகள். மறுநாள் அவையும் மறைந்துவிட்டன. கையில் இருந்த பிஸ்கட்டைக்கூட அவள் விடவில்லை. “அம்மா, இன்னொரு தடவ போலாமா?” என்று கேட்டாள். அவளை அவிழ்த்துத் தூக்கிக்கொண்டேன். மணலில் இறங்கி உட்கார்ந்து அழுதேன். இதையெல்லாம் மனுவில் எழுதலாமா என்று தெரியவில்லை. எழுதிவிட்டேன்.

8. தங்கள் அலுவலகம் என் முதல் மனுவின் மீது உடனே நடவடிக்கை எடுத்திருந்தால், இந்த இரண்டாவது மனுவை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். அலட்சியத்துக்கு நன்றி சொல்வது முறையா, அதற்கென்று ஏதாவது படிவம் உண்டா என்பது எனக்குத் தெரியாது. ஆனால் நன்றியோடுதான் இருந்தேன், ஆறு நாள் மட்டும். ஏழாம் நாள் பட்டறையிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்தபோது, அந்த இடம் பெருக்கித் துடைத்த கூடம் மாதிரி சுத்தமாக இருந்தது. “பொதுமக்கள் கோரிக்கையை ஏற்று அகற்றப்பட்டது” என்று ஒரு பலகை. அந்தப் பொதுமக்கள் நான் ஒருத்திதான்.

9. உடனே அலுவலகத்துக்கு வந்தேன். வண்டி மணலில் சிக்கியதாகத் தகவல் வந்ததாம், கோப்பைப் புரட்டியிருக்கிறார்கள், மணல் இடைஞ்சல் என்று என் மனு ஏற்கெனவே இருந்திருக்கிறது, எடுத்துவிட்டார்கள். பிரிவு எழுத்தர் மரியாதையாகவே பேசினார். “நீங்கதானேம்மா எடுக்கச் சொன்னீங்க? இப்ப நீங்களே போடச் சொல்றீங்க. ஃபைல்ல நான் என்னன்னு எழுதுறது?” என்றார். நியாயமான கேள்வி. படிவத்தில் “அகற்றுதல்” என்று ஒரு கட்டம் இருக்கிறது, “கொட்டுதல்” என்று எதுவும் இல்லை என்பதையும் காட்டினார். அதனால்தான் வெள்ளைத்தாளில் எழுதுகிறேன்.

10. இப்போது நான் மூட்டைகளை நிறுத்துப் பார்த்தே ஏற்றுகிறேன். ஈரத்துணி என்றால் இருபது மூட்டை, இரண்டு நடை. மேலேயிருந்து புறப்படும்போதே இரண்டாவது கியர். காலடியில் எதையும் கட்டாமல் வைப்பதில்லை. என் வண்டியால் இனி ஆபத்து வராது என்று என்னால் முடிந்தவரை உறுதி சொல்ல முடியும். ஆனால் அந்தச் சாலை எனக்கு மட்டும் சொந்தமில்லை. நேற்று முன்தினம் தண்ணீர் லாரி ஒன்று அதே கருகும் வாசனையோடு இறங்கி வந்து, கதவுக்கு நான்கடி முன்னால் நின்றது. அதன் ஓட்டுநர் இறங்கி, சக்கரத்தைப் பார்த்துவிட்டு, சாலையோரமாக உட்கார்ந்துவிட்டார். எனக்கு அவரிடம் எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

11. எனவே தங்களை வேண்டிக்கொள்வது: கல் கலக்காத, உதிரியான மணலாக, பழைய அளவுக்குக் குறையாமல், காப்பகத்தின் கதவுக்கு முன்னால் கொட்டித் தர வேண்டும். முதல் மனுவில் நான் சொன்ன இடைஞ்சலும் பொய்யல்ல. ஆகவே சாலையை விட்டு மூன்றடி உள்ளே தள்ளிக் கொட்டினால் வண்டிகள் தாராளமாகத் திரும்பலாம், காப்பகத்தின் நடைவழியைப் பக்கவாட்டில் வைத்துக்கொள்ள அவர்களும் சம்மதித்திருக்கிறார்கள். சரிவின் உச்சியில், பாரம் ஏற்றிய வண்டிகள் குறைந்த கியரில் இறங்க வேண்டும் என்று ஒரு பலகை வேண்டும். மழைக்கு மணல் இறுகிவிட்டால் பயன்படாது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே மண்வெட்டியோடு வந்து கிளறிவிடுகிறேன். இதற்குக் கூலி எதுவும் வேண்டாம். மணல் வந்து சேரும்வரை, அந்த இடத்தில் என் பழைய முடிச்சுகளால் மணல் மூட்டைகளையாவது கட்டி அடுக்க அனுமதி தரவும்.

12. கடைசியாக ஒன்று. சென்ற வாரம் காப்பகத்தில் எங்களுக்கு இடம் கிடைத்துவிட்டது. பட்டாணி இப்போது என்னோடு வண்டியில் வருவதில்லை. காலை எட்டரையிலிருந்து மாலை நான்குவரை அந்த இரும்புக் கதவுக்குப் பின்னால் இருக்கிறாள். அங்கே முழங்காலை ஊன்றி இழுத்துப் பூட்ட எந்தப் பெல்ட்டும் இல்லை.

இந்த மணலால் யாருக்காவது ஒரு பயனாவது உண்டா என்று முதல் மனுவில் கேட்டிருந்தேன். அந்தக் கேள்வியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். தாங்கள் அதற்கு எழுத்து மூலம் பதில் அனுப்ப வேண்டியதில்லை; ஒரு லாரி மணல் அனுப்பினால் போதும்.

இணைப்பு:
அ. முதல் மனுவின் நகல் (வெட்கத்துடன்).
ஆ. பிரேக் பழுதுபார்த்த பட்டறையின் சான்று.
இ. மணலில் நிற்கும் வண்டியின் புகைப்படம். பின்னணியில் காப்பகத்தின் திறந்த கதவும் பிள்ளைகளும்.

நாள்: பதினான்காம் தேதி, செவ்வாய்க்கிழமை.
இடம்: காப்பகத்தின் வாசல், பிள்ளையை விட்டுவிட்டு வந்து எழுதியது.

தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)
மணலை எடுக்கச் சொன்ன அதே மனுதாரர்