தூர முனையில் ஒரு தள்ளு

மார்ச் 3

அன்புள்ள புள்ளிக்கு,

வேலை வேண்டாமென்று எழுதிக்கொடுத்துவிட்டு, ஃபோனையும் அணைத்துவிட்டு அண்ணன் வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டால் விட்டுவிடுவேனா? தபால்காரரை என்ன செய்வாய்?

நம் செயற்கைக்கோள் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. வட்டமாகச் சுற்ற வேண்டியது முட்டை வடிவப் பாதையில் சுற்றுகிறது. ஒரு முனை வெகு தூரம். மறுமுனை பூமிக்கு மிக அருகில். அருகே வரும்போதெல்லாம் மேல்காற்றில் உரசுகிறது. இப்படியே போனால் ஐந்து வாரத்தில் எரிந்துவிடும். எரிபொருளும் கொஞ்சம்தான். நம் பிரிவுத் தலைவர், "பக்கத்துல வர்றப்போ, கண்ணு முன்னாடியே எஞ்சினை மூட்டித் தள்ளிப் பாப்போம்" என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. நீ என்ன சொல்கிறாய்?

உன்
வாயாடி

மார்ச் 9

வாயாடிக்கு,

அருகே வரும்போது தள்ளாதீர்கள். பூமியின் இழுப்பில் அங்கே அது தலைதெறிக்க ஓடும். அங்கே தள்ளினால் தூர முனைதான் இன்னும் தூரம் போகும். உரசும் முனை உரசிக்கொண்டேதான் இருக்கும். தூர முனைக்கு ஏறுவதற்குள் பூமி பின்னாலிருந்து இழுத்து இழுத்து அதன் வேகத்தைக் குறைத்திருக்கும். அங்கே சின்னதாக ஒரு தள்ளு போதும், இந்த முனை உயர்ந்துவிடும். நம் ஆன்டெனாவுக்குத் தெரியாத இடம்தான். கட்டளையை முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள். கணக்கு பின்பக்கம்.

இது கோளுக்காக எழுதியது. உனக்கு வேறொன்று இருக்கிறது. அன்று கூட்டத்தில் தலைவர் எல்லார் முன்னாலும் "உன் கணக்குதான் காலை வாரிடுச்சு" என்றபோது, அந்தக் கணக்கை வரிக்கு வரி சரிபார்த்த நீ பக்கத்தில்தான் இருந்தாய். பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தாய். உனக்கு வாயாடி என்று பேர் வைத்தவளே நான். கோள் வழி தவறியதைக்கூடத் தாங்கிக்கொண்டேன்.

புள்ளி

மார்ச் 21

என் புள்ளிக்கு,

பயந்துவிட்டேன். அடுத்து என்னைத்தான் திட்டுவார் என்ற பயம். வேறு சமாதானம் என்னிடம் இல்லை.

உன் தாளைக் கூட்டத்தில் வைத்தேன்.

"யார் கணக்கு இது?"

"புள்ளியோடது சார்."

"மறுபடியும் அவ கணக்கையா?"

"போன தடவையும் அவ கணக்கு சரிதான் சார். நான்தான் சரிபார்த்தேன். தப்புன்னா எனக்கும் பங்கு உண்டு. அன்னிக்கே சொல்லியிருக்கணும்" என்றேன்.

பிறகு ராக்கெட் பிரிவின் பதிவுகளைக் கேட்டு வாங்கினோம். கடைசி எஞ்சின் பதினொரு நொடி முன்னதாகவே நின்றிருக்கிறது. உன் கணக்கில் ஒரு புள்ளிகூடப் பிசகில்லை.

நேற்று தூர முனையில் தள்ளினோம். நாலு மணி நேரம் கோளிடமிருந்து சத்தமே இல்லை. யாரும் காபி குடிக்கக்கூட எழுந்து போகவில்லை. அப்புறம் சிக்னல் வந்தது. பூமிக்கு அருகே வரும் முனை காற்றைத் தாண்டி மேலே! இனி எரியாது. தலைவர் என் மேஜைக்கு வந்து உன் விலாசம் கேட்டார். கொடுத்துவிட்டேன், திட்டாதே.

உன்
வாயாடி

மார்ச் 27

அன்புள்ள வாயாடிக்கு,

உன் கடிதமும் தலைவர் கடிதமும் ஒரே நாளில் வந்தன. அவருடையது மூன்றே வரி. அதில் "வருந்துகிறேன்" இரண்டு தடவை, "திரும்பி வா" ஒரு தடவை. உன்னுடையதைத்தான் முதலில் பிரித்தேன். சமையலறையில் நின்றபடியே படித்தேன். என் முகத்தைப் பார்த்து அண்ணி பதறிப்போய், "என்னம்மா, என்ன ஆச்சு?" என்றார்.

"ஒண்ணுமில்ல அண்ணி. பசிக்குது."

இங்கே வந்த பிறகு முதல் தடவையாகக் கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அண்ணன் கதவருகே நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

திங்கட்கிழமை அதிகாலை பஸ்ஸிலேயே வருகிறேன். இப்போது பட்டப்பகல்தான், ஆனாலும் தூக்கம் கண்ணைச் சுழற்றுகிறது. தூங்கப் போகிறேன்.

உன்
புள்ளி