மூட்டை வைக்காத நாற்காலி

என் செல்ல இன்ஜினியருக்கு, அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். பஸ் ஓட்டி ஓட்டி அப்பாவுக்கு இடுப்பு வலி, ஆனாலும் என்னோடு சண்டை போட மட்டும் எங்கிருந்தோ தெம்பு வந்துவிடுகிறது. தையல் கடையில் எனக்குப் புது மெஷின் கொடுத்திருக்கிறார்கள், அது என்னைவிடக் கொஞ்சம்தான் சத்தம் கம்மி என்று முதலாளியம்மா சொல்கிறார், நான் காதில் வாங்கவில்லை.

போனில் கேட்டால் அப்புறம் பேசறேம்மா என்று வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதி உன் கூட்டாளி ஒட்டடைக்குச்சியிடமே கொடுத்தனுப்புகிறேன். லீவுக்கு வந்தவன் நேற்று நம் வீட்டுக்கு வந்தான். அவன் வேலைக்குக் கள்ளன், ப்ராஜெக்ட் குழுவிலிருந்து எடுத்துவிட்டோம் என்று நீதானே சொன்னாய், நானும் அதை நம்பி, வாடா, சாப்பாட்டுக்கு மட்டும் முதல் ஆளா வந்துடு என்று கேலி செய்தேன். எப்போதும் பதிலுக்குப் பதில் வாயாடுகிறவன் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டான். துருவிக் கேட்ட பிறகு நடந்ததை எல்லாம் சொன்னான்.

கால் முடியாத உங்கள் காலேஜ் நூலகத்து அம்மா மாடி ஏறுவதற்காக நீங்கள் படிக்கட்டோரமாக மேலும் கீழும் ஓடுகிற ஒரு நாற்காலி செய்து மாட்டுகிறீர்கள் என்று நானும் கடை முழுக்கப் பெருமை அடித்திருக்கிறேன். மணல் மூட்டை வைத்து ஏற்றி இறக்கிப் பார்த்தது நிஜம்தானாம். ஆனால் அதற்கப்புறம் பார்வைக்கு எடுப்பாக இருக்கட்டும் என்று அதைத் தாங்கும் இரும்புத் தகட்டை மெல்லியதாக மாற்றினீர்களாம். மாற்றியபின் மூட்டையே வைக்கவில்லையாம், பழைய சோதனையையே புதுசுக்கும் எழுதி அவனைக் கையெழுத்துப் போடச் சொன்னாயாம். மாட்டேன் என்றதற்குத்தான் அந்தக் கள்ளன் பட்டம். நாம பொய் எழுதலையே, சோதிச்சது நிஜம்தானே என்று வேறு கேட்டாயாம். ஒருத்தியைக் காட்டிவிட்டு இன்னொருத்தியைக் கட்டிவைத்து, பெண்ணைக் காட்டினது நிஜம்தானே என்று கேட்கிற மாதிரி இருக்கிறது உன் நியாயம். அப்பாவிடம் சொன்னேன். நம்ம பையனா என்று ஒரே ஒரு தடவை கேட்டார், டீயைக் குடிக்காமலே எழுந்து போய்விட்டார்.

எனக்குத் தகடும் தெரியாது ஒன்றும் தெரியாது. அது தாங்கினாலும் தாங்கலாம், தாங்குமா என்று உனக்கே தெரியாது என்பதுதான் என் பயம். திங்கட்கிழமை திறப்பு விழாவில் எல்லாரும் கைதட்ட அதில் முதலில் உட்காரப் போவது அந்த அம்மா. நீ காய்ச்சலில் கிடந்தபோது நொண்டி நொண்டி வந்து மருந்து கொடுத்தவர். நீ செய்தது என்றால் ஒரு வார்த்தை கேட்காமல் உட்கார்ந்துவிடுவார், அதை நினைத்தால்தான் தையல் கோணல் மாணலாகப் போகிறது. விழா தள்ளிப்போகும், மார்க் குறையும், கூட்டாளிகள் முறைப்பார்கள், நீயும் ரோஷக்காரன், எல்லாம் தெரியும். மார்க் குறைந்த பிள்ளைக்கு இந்த வீட்டில் சோறு உண்டு. ஏமாற்றி மார்க் வாங்கின பிள்ளைக்கு உண்டா என்று நீயே யோசித்துக்கொள்.

இதைக் கொண்டு வருகிறவனை வாசலோடு அனுப்பிவிடாதே. அவனையும் கூட்டிக்கொண்டு முதலில் அந்த அம்மாவிடம் போ, இன்னும் சோதிச்சு முடிக்கலைம்மா, உட்காராதீங்க என்று உன் வாயால் சொல். சாரிடம் அதற்கப்புறம் போகலாம். தலைக்கு எண்ணெய் வை, ராத்திரி கண் விழிக்காதே. நல்ல புத்தியோடு நூறு வயசு இரு, உனக்கு வைத்திருந்த ஆசீர்வாதத்தில் பாதியை ஒட்டடைக்குச்சிக்குக் கொடுத்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. அந்த அம்மாவிடம் சொல்லிவிட்டு எனக்குப் போன் செய். அதுவரை போனை மடியிலேயே வைத்திருப்பேன்.

இப்படிக்கு,
உன் அம்மா