மூச்சு தீரும் முன் திரும்பியவருக்கு

என்னங்க,

இருபத்தைந்து வருஷம் இப்படித்தான் கூப்பிட்டேன். நீங்கள் போய் ரெண்டு வருஷம் ஆன பிறகும், எழுத உட்கார்ந்தால் கை இதைத்தான் முதலில் எழுதுகிறது. இங்கே நல்லாயிருக்கிறோம். கீர்த்தனாவுக்கு அம்பத்தூரில் வேலை கிடைத்துவிட்டது. வாரத்தில் மூணு நாள் ஆபீஸ், மற்ற நாள் கூடத்தில் உட்கார்ந்து கம்ப்யூட்டரோடு பேசிக்கொண்டிருக்கிறாள். எனக்கு முழங்கால் வலி மட்டும் விட்ட பாடில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மேட்னி ஷோவுக்கு என்னை இழுத்துக்கொண்டு போனாள். என்ன படம் என்று கேட்டேன். "கடலுக்கடியில ஒரு குகைம்மா. அதுக்குள்ள நீந்திப் போற அஞ்சு பேரு மாட்டிக்கிறாங்க. தமிழ்ல டப்பிங் பண்ணியிருக்காங்க, உனக்குப் புரியும்" என்றாள். தண்ணீர் என்றதுமே எனக்குப் போகப் பிடிக்கவில்லை. வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பாள். அவளுக்குத்தான் எதுவுமே தெரியாதே. நீங்களும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

படத்தில் ஒரு வழிகாட்டி வருகிறான். குகை இடிந்து வழி அடைத்துக்கொள்கிறது. முதுகில் கட்டியிருக்கிற சிலிண்டரில் காற்று குறைந்துகொண்டே வருகிறது. கூட்டாளியின் கால் பாறை இடுக்கில் சிக்கிவிடுகிறது. இவன் அவன் கையைப் பிடித்து இழுக்கிறான், இழுக்கிறான், வரவில்லை. கடைசியில் கையை விட்டுவிட்டு, மிச்சம் மூணு பேரை நோக்கித் திரும்புகிறான். அந்த இடத்தில் இடைவேளை.

பின் வரிசையில் ரெண்டு பிள்ளைகள் பேசிக்கொண்டார்கள்.

"இன்னா மாமே இவன், கையப் புடிச்சுகினு இருந்தவன் வுட்டுட்டு வந்துட்டான்?"

"பயந்தாங்கொள்ளி மச்சான். நானா இருந்தா அங்கயே கெடந்திருப்பேன்."

அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஏசி காற்றில் சாய்ந்து உட்கார்ந்திருந்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். எனக்கே ஒரு காலத்தில் தோன்றியிருக்கிறதே.

வழிகாட்டி அந்த மூணு பேரையும் வெளியே கொண்டுவந்து சேர்த்தான். படம் முடிந்து நசரத்பேட்டைக்குத் திரும்பும் பஸ்ஸில், படத்தைப் பற்றி ஜனங்கள் போனில் எழுதியிருந்ததை எல்லாம் கீர்த்தனா படித்துக் காட்டினாள். முதல் பாதி இழுவை என்று ஒருத்தர். முகமூடிக்குள் யார் யாரென்றே தெரியவில்லை என்று ஒருத்தர். தண்ணீர்ச் சத்தம் பிரமாதம், எனக்கே மூச்சு முட்டியது என்று ஒரு பெண். அதற்குக் கீழே வரிசையாக, ஹீரோ கோழை, நம்பவே முடியாத கதை, எந்த மனுஷன் இப்படி விட்டுட்டு வருவான்?

"சரிதானம்மா, எனக்கும் அந்த ஆள் மேல கோபம்தான் வந்துச்சு" என்றாள் உங்கள் மகள்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து காபி போட்டுக் கொடுத்துவிட்டு, எதிரில் உட்கார்ந்து சொல்லிவிட்டேங்க. முழுக்கச் சொல்லிவிட்டேன்.

அப்போது அவள் நாலு மாசக் கைக்குழந்தை. தீயணைப்பு நிலையத்தில் ட்யூட்டி முடித்து சைக்கிளில் வந்துகொண்டிருந்தீர்கள். கல்குவாரிக் குட்டையில் கூச்சல். குளிக்க வந்த ரெண்டு பையன்கள் மூழ்கிக்கொண்டிருந்தார்கள். யூனிஃபார்மோடு குதித்து ஒருத்தனை மேலே கொண்டுவந்து கரையில் போட்டீர்கள். அவன் பிழைத்தான். மறுபடி இறங்கினீர்கள். கயிறு இல்லை, சிலிண்டர் இல்லை, நெஞ்சில் அடக்கின மூச்சு மட்டும்தான். அடியில் பாறைக்கு நடுவில் இன்னொருத்தன் கால் மாட்டியிருந்தது. மேலே வந்து மூச்சு வாங்கிவிட்டு இன்னொரு தரமும் போனீர்கள். அவன் வரவில்லை. கரையில் அவனுடைய அம்மா உங்கள் சட்டையைப் பிடித்து, "தொட்டுட்டு வுட்டுட்டியேப்பா" என்று கதறினார்.

அன்றைக்கு வீட்டில் நீங்கள் சொன்னது ஒன்றுதான். "அவன் விரல் என் விரலைப் பிடிச்ச மாதிரி இருந்துச்சு பரிமளா. பிடிச்சானா, தண்ணி ஆட்டினதான்னு தெரியல." அதோடு சரி. அதற்கப்புறம் நீங்கள் தண்ணீரில் இறங்கவே இல்லை. டிரைவர் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டு தீயணைப்பு வண்டி ஓட்டப் போய்விட்டீர்கள்.

இதையெல்லாம் தெரிந்தவள்தான் நான். என் அண்ணன் வீட்டு விசேஷத்தில் ஏதோ பேச்சு வளர்ந்து, நீங்கள் பந்தியிலிருந்து எழுந்து வந்தீர்களே, ஞாபகம் இருக்கிறதா? வீட்டுக்கு வந்து கத்தினேன். "பாதியில விட்டுட்டு வர்றது உங்களுக்குப் புதுசா என்ன?" என்று கேட்டேன். வாசலுக்குப் போய் ரொம்ப நேரம் நின்றீர்கள். என்ன சொல்லிவிட்டேன் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் மன்னிப்புக் கேட்கவில்லை. நாளைக்குக் கேட்கலாம், அடுத்த வாரம் கேட்கலாம் என்று வருஷங்கள் போய், ஒரு காலையில் உங்கள் நெஞ்சு நின்றுபோனது. அந்த வார்த்தை உங்களுக்குள் இருந்துகொண்டே இருந்ததா? எனக்காவது மறந்திருக்கலாமே.

கீர்த்தனா எல்லாவற்றையும் கேட்டாள். காபி ஆறிப்போய் ஆடை படிந்துவிட்டது. பிறகு மெதுவாகச் சொன்னாள்: "அப்பா அன்னைக்கு மேல வரலன்னா, அவரை நான் போட்டோலதாம்மா பார்த்திருப்பேன்."

இந்தக் கணக்கு எனக்கு ஏங்க ஒரு நாளும் தோன்றவில்லை? உங்களுக்காவது தோன்றியதா? கீழே இருந்தபோது எங்கள் ரெண்டு பேரையும் நினைத்தீர்களா, இல்லை, உடம்பு தானாகவே மேலே வந்ததா? எப்படி வந்திருந்தாலும் சரி, வந்தீர்களே.

அந்தப் படத்துக்கு, அம்மா சொல்வது என்று போட்டு என் கருத்தையும் எழுதச் சொன்னேன். நான் சொல்லச் சொல்ல அவள் தட்டினாள். "படம் கொஞ்சம் நீளம். ஆனால் அந்த வழிகாட்டி கோழை இல்லை. கடைசி மூச்சு வரை முயன்றுவிட்டுத் திரும்பினான். அதற்கப்புறம் மூணு பேரைக் காப்பாற்றினான். விட்டுவிட்டு வந்தது வலிக்காமல் இருந்திருக்கும் என்று யாரும் நினைக்காதீர்கள்."

கொஞ்ச நேரத்தில் ஒருத்தர் கேட்டிருந்தார், ஆன்ட்டி நீங்க டைவிங் பண்ணியிருக்கீங்களா என்று. "இல்லப்பா, பண்ணினவருக்குச் சோறு போட்டிருக்கேன்" என்று எழுதச் சொன்னேன். கீர்த்தனா சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள்.

மன்னித்துவிடுங்கள். நேரில் கேட்டிருக்க வேண்டியது.

அவளுக்கு வரன் பார்க்க ஆரம்பித்திருக்கிறோம். பொண்ணோட அப்பா எப்படி என்று வருகிறவர்கள் கேட்பார்கள். தீயணைப்பில் இருந்தார், மாரடைப்பு என்று இத்தனை நாள் ரெண்டு வார்த்தையில் முடித்துக்கொண்டிருந்தேன். இனிமேல் அப்படிச் சொல்ல மாட்டேன். உட்கார வைத்து முழுசாகச் சொல்வேன், மேலே கொண்டுவந்தவனையும் சேர்த்து, வர முடியாமல் போனவனையும் சேர்த்து. இது சத்தியம்.

உங்கள் மனைவி,
கீர்த்தனாவின் அம்மா,
பரிமளா